சோளகத்துக்கு முதுகு காட்டிய வீடு

பாலையடிக் குடியேற்றம்,
நானாட்டான்.
12.04.1992

அன்புள்ள அண்ணனுக்கு மரியம்மா எழுதுவது.

அங்கே எல்லாரும் சுகமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும். கேட்டுவிட்டேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் மனம் வரவில்லை. நாங்கள் வெந்துகொண்டிருக்கிறோம்.

இந்த வீட்டை எனக்குக் கட்டித் தந்தவர் நீங்கள். அதை நான் மறக்கவில்லை. தொண்ணூறாம் ஆண்டு தை மாதம் வந்து கட்டினீர்கள். ஆனியில், நாங்கள் குடிபுகுந்த கையோடு சண்டை தொடங்க, வீட்டைப் பூட்டிக்கொண்டு மடுவுக்கு ஓடினோம். மாதா கோயில் வளவில் மரத்தடிக் கூடாரத்தில் ஒன்றரை வருடம் இருந்துவிட்டு, போன மார்கழியில்தான் திரும்பி வந்தோம். ஆகவே இந்த வீட்டில் நாங்கள் பார்க்கிற முதல் கோடை இதுதான். அங்கே மரத்தடியில் பிறந்த சின்னழகுவுக்கு இப்போது எட்டு மாதம்.

அண்ணே, நீங்கள் எனக்கு வீடு கட்டித் தரவில்லை. தேயிலைத் தோட்டத்தில் நாம் பிறந்த லயத்துக் காம்பராவைத் தூக்கிக்கொண்டு வந்து இந்த மணலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். குனிந்து நுழையும் கதவு. கையைத் தூக்கினால் தகரம். கிழக்கே முகம் மட்டும் தெரிகிற ஒரு ஜன்னல். உள்ளேயே அடுப்பு, அதற்கு ஒரு புகைபோக்கி. மேற்கும் தெற்குமாகப் பார்த்துக்கொண்டு நிற்கிற அந்தப் பெரிய பக்கத்தில் ஊசி நுழைய இடம் இல்லாத முழுச் சுவர். பத்து மணிக்குப் பிறகு உள்ளே நிற்க முடியாது. போன வெள்ளிக்கிழமை மாதா சுரூபத்துக்கு முன்னால் ஒரு மெழுகுதிரி வைத்தேன். தீப்பெட்டி எடுத்துக்கொண்டு வருவதற்குள், கொளுத்தாமலே அது தலையைக் கவிழ்த்துக்கொண்டது.

அடுத்த வளவில் சிவக்கொழுந்து அக்கா இருக்கிறா. வயல்காரி, இந்த ஊர்ப் பழைய குடும்பம். நாங்கள் கூலிக்குப் போவதும் அவவின் வயலுக்குத்தான். வந்து சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டா: “பிள்ளை, சோளகம் வாற பக்கத்துக்கு ஆரும் முதுகைக் காட்டிக்கொண்டு வீடு கட்டுவினமோ? இது வீடில்லை. நெருப்பு மூட்டிப் பாண் சுடுற போறணை.”

சோளகம் என்றால் வைகாசி தொடங்கி ஆவணி வரைக்கும் கடல் பக்கமிருந்து அடிக்கிற காற்று. இந்த ஊர்ச் சனத்துக்குக் கோடையில் இருக்கிற ஒரே ஆறுதல் அதுதானாம். மலையை விட்டு இங்கே வந்த எங்களுக்கும் பத்துப் பதினைந்து வருடமாக அது தெரிந்திருக்க வேண்டும். ஓலைக் குடிசையில் இருந்தவரைக்கும் அது தானாக உள்ளே வந்து போனது. வந்து போவதை யார் கவனித்தார்கள்?

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அந்தச் சுவரில் ஒரு ஜன்னல் வெட்ட வேண்டும். கூரையைத் தாங்குகிற வளை அந்தச் சுவரில்தான் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் மச்சானுக்கு வரம்பு கட்டத் தெரியும், சுவர் வெட்டத் தெரியாது. அண்ணன் சொல்லாமல் கை வைக்க மாட்டேன் என்று ஒரே பிடியாக நிற்கிறார். கூரை தலையில் விழாமல் எப்படி வெட்டுவது என்று எழுதி அனுப்புங்கள். பிள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. பகலில் பால் குடிக்க மறுக்கிறாள்.

மதினியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

மரியம்மா


கருக்குமலைத் தோட்டம்,
மேற்பிரிவு.
03.05.1992

அன்புத் தங்கச்சி மரியம்மாவுக்கு அண்ணன் இன்னாசிமுத்து எழுதிக்கொள்வது. மாதாவின் கிருபையால் இங்கு நானும் உன் மதினி செல்லாயியும் பிள்ளைகளும் நலம். உங்கள் நலத்துக்கு வேண்டிக்கொள்கிறோம்.

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். மூன்றாம் தரம் படிக்க மதினி விடவில்லை, பிடுங்கி அலுமாரியில் வைத்துவிட்டாள்.

இருபது வருடம் கொத்து வேலை செய்கிறேன். எத்தனையோ சுவர் கட்டியிருக்கிறேன். எல்லாம் துரைமாருக்கும் கிளாக்கருக்கும் கட்டியது. எனக்குப் பிரியப்பட்டுக் கட்டியது ஒரே ஒரு வீடு. அதற்காக ஏழு வாரம் சம்பளம் இல்லாமல் லீவு போட்டேன். ஒவ்வொரு கல்லாக அச்சில் நானே அரிந்தேன். உன் வீட்டுக்காரர் குழைத்த சாந்து தண்ணீராக இருக்கிறது என்று திரும்பக் குழைக்க வைத்தேன். அந்தச் சுவரில் ரசமட்டம் வைத்துப் பார், ஒரு நூல் சாய்ந்திருக்காது. அதை உடைக்க வழி சொல்லு என்று எனக்கே கடிதம் எழுதுகிறாய். பெற்ற பிள்ளையின் கையை எங்கே வெட்டலாம் என்று தகப்பனிடம் கேட்பது மாதிரி இருக்கிறது எனக்கு.

ஒன்று ஞாபகம் இருக்கிறதா? அந்தச் சுவரில் ஜன்னல் வைக்க நான் மரநிலை செய்து கொண்டுவந்தேன். அன்றைக்கு மழைக் குளிர் காற்று அடித்துக்கொண்டிருந்தது. வெறும் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டு, “அண்ணே, காத்து வராம அடைச்சிருங்க. அழகுவ நெனச்சுப் பாருங்க” என்று சொன்னது யார்? நானா? நிலையை அப்படியே ஆட்டுக் கொட்டிலுக்குக் கொடுத்தேன். நீ கேட்டபடிதான் கட்டினேன். இப்போது அடுத்த வளவுக்காரி போறணை என்றால் என் வேலை கெட்ட வேலையாகிவிட்டது.

காற்று என்ன செய்யும் என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். நம் தங்கச்சி அழகம்மா மூன்று வயதில் போனது காற்றால். லயத்து ஜன்னலில் உடைந்த ஒரு கண்ணாடியைப் போடச் சொல்லி அப்பா ஆறு மாதம் துரையின் கந்தோர் வாசலில் நின்றார். கடைசிவரை போடவில்லை. அந்த ஓட்டையால் வந்த குளிர்தான் அவள் நெஞ்சில் இறங்கியது. அவளுடைய பேரை வைத்த பிள்ளை படுக்கிற இடத்தில் ஓட்டை போட என் வாயால் வழி சொல்ல மாட்டேன்.

வெயிலுக்கு வேறு வழி உண்டு. தகரத்துக்குச் சுண்ணாம்பு அடி. வாசலில் ஈரச் சாக்குத் தொங்கவிடு. பகலில் இரண்டு வாளித் தண்ணீர் கூரையில் ஊற்றினால் உள்ளே குளிர்ந்துவிடும். இங்கே ஃபெக்டரிக் கூரைக்கு அப்படித்தான் செய்கிறார்கள்.

இதனுடன் ஒரு இறாத்தல் தேயிலைத் தூள் அனுப்புகிறேன்.

அண்ணன்
இன்னாசிமுத்து


நானாட்டான்
28.05.1992

அண்ணனுக்கு,

இரண்டு வாளித் தண்ணீர்.

இந்த மூன்று சொல்லையும் உங்கள் மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். சிரிக்கத் தொடங்கினார். பிறகு எழும்பி வெளியே போய்விட்டார்.

கேளுங்கள் அண்ணே. குளம் வற்றிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. எங்கள் கிணற்றில் பங்குனியிலேயே சேறு. கயிறு நீளம் காணாமல் என் சேலையைக் கிழித்து முடிந்தோம், அதற்கும் தண்ணீர் எட்டவில்லை. காலை மூன்று மணிக்கு எழும்பிக் குளத்தின் நடுவுக்கு நடக்கிறேன். அங்கே ஆள் உயரத்துக்கு ஒரு ஊற்றுத் தோண்டியிருக்கிறோம். உள்ளே இறங்கிக் குந்தியிருந்து, ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் அள்ளி அள்ளிக் குடத்தில் விட வேண்டும். ஒரு குடம் நிரம்ப ஒரு மணித்தியாலம். ஒரு வீட்டுக்கு இரண்டு குடம், அதற்கு மேல் எடுத்தால் அடுத்தவள் தலைமயிரைப் பிடிப்பாள். பிடித்தும் இருக்கிறாள். அந்தத் தண்ணீரும் உவர். அதில் அரிசி கழுவி, கழுவிய தண்ணீரில் பாத்திரம் கழுவி, அதை ஆட்டுக்கு வைக்கிறேன். பிள்ளையைத் துடைத்த துணியை முருங்கைக் கன்றுக்குப் பிழிகிறேன். தண்ணீர்ப் பவுசர் வரும் என்று சொல்லிப் போனவர்கள் வரவில்லை. டீசலை ஆமி இந்தப் பக்கம் விடாதாம்.

நீங்கள் என் கூரையில் இரண்டு வாளி ஊற்றச் சொல்கிறீர்கள். சாக்கையும் நனைக்கச் சொல்கிறீர்கள். சுண்ணாம்புக்கும் தண்ணீர் வேண்டும். தேயிலைத் தூள் கிடைத்தது, நல்ல மணம். அதை அப்படியே மென்று தின்னவா?

வெளியில் படுக்கலாமே என்று அடுத்த கடிதத்தில் எழுதுவீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். வெளியில் படுத்தால் ஹெலி வந்து சுடுகிறது. நிழலில் இருக்கலாமே என்பீர்கள். நிழல் தந்த பனை அத்தனையும் பதுங்கு குழிகளுக்குமேல் படுத்திருக்கிறது. இனி ஒரு பனையைத் தறிக்கவும் விடமாட்டார்கள், தறிக்கப் பனையும் இல்லை. சிவக்கொழுந்து அக்காவின் ஓலை வீட்டில் ஏற்கனவே அகதியாக வந்த பதினொரு பேர்.

ஆகவே நாங்கள் எங்கே இருக்கிறோம் தெரியுமா? பதுங்கு குழிக்குள். குண்டுக்கு வெட்டிய குழியில் வெயிலுக்கு ஒளிந்திருக்கிறோம். ஐந்து பனங்குற்றி போட்டு மேலே மண் மூட்டை அடுக்கியிருக்கிறது. உள்ளே கொஞ்சம் குளிர்ச்சி. தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் அங்கேதான் வைத்திருந்தேன். போன செவ்வாய் இறங்கினால், குடத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு புடையன் பாம்பு கிடக்கிறது. அதுவும் பாவம் வெயிலுக்குத்தான் வந்திருக்கும். பிள்ளைக்கும் அதுக்கும் நடுவில் ஒரு முழம். அன்றிலிருந்து அவளை அங்கே தனியாக விட முடியவில்லை.

புதன்கிழமை வீட்டுக்குள் வைத்திருந்தேன். மத்தியானம் கண் செருகி, கை கால் வெட்டி இழுத்தது. உங்கள் மச்சான் சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்கு மிதித்தார். டொக்டர் பார்த்தார், மருந்து எழுதவில்லை. “காய்ச்சல் இல்லை அம்மா. பிள்ளையைக் காத்துப் படுற இடத்தில வையுங்கோ. இன்னொருக்கா இப்பிடி வந்தா நான் ஒண்டும் செய்ய ஏலாது” என்றார்.

சோளகம் வந்துவிட்டது அண்ணே. மூன்று நாளாக அடிக்கிறது. வெளியில் என் சேலையைப் பிய்க்கிறது, தகரத்தைத் தடதடவென்று தட்டுகிறது. உள்ளே பிள்ளையின் நெற்றியில் ஒட்டிய ஒரு மயிர் அசையவில்லை. கையளவு தூரத்தில் காற்றை வைத்துக்கொண்டு நான் பனையோலையால் விசிறிக்கொண்டு இருக்கிறேன். உங்கள் ஒரு நூல் சாயாத சுவருக்கு இந்தப் பக்கம்.

அடைக்கச் சொன்னது நான்தான். ஓம், ஒத்துக்கொள்கிறேன். எனக்கும் காற்று என்றால் பயம்தான். நான் ஆறு வயதில் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தவள். ஆனால் நான் செய்த பிழையை இரண்டு வருடத்துக்குப் பிறகாவது பிழை என்கிறேன். நீங்கள் உங்கள் பிழைக்கு ரசமட்டம் வைத்து நேராக இருக்கிறது என்கிறீர்கள்.

ஒரு அழகு காற்றால் போனாள். இன்னொரு அழகு காற்றில்லாமல் போக வேண்டுமா? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

மரியம்மா


கருக்குமலைத் தோட்டம்
20.06.1992

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்து எட்டு நாள். தினமும் எழுத உட்காருவேன், எழும்பிவிடுவேன். இன்றைக்கு மதினி கதிரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, எழுதாமல் சோறு இல்லை என்கிறாள்.

நீ கேட்டதற்குப் பதில் எழுதுவதற்கு முன் உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கும் தெரியாது. செல்லாயிக்கே நேற்றுத்தான் சொன்னேன்.

கண்ணாடி உடைந்த ஓட்டையில் அப்பா ஒரு சாக்கை மடித்து அடைத்து வைத்திருந்தார், ஞாபகம் இருக்கும். இறுக்கமாக அடைத்தால் காற்று வராது. எனக்குப் பதினாலு வயது. பேர் பதிந்து மலைக்கு வேலைக்குப் போன முதல் நாள் அது. அடை மழை. பெரியவர்கள் எல்லாரும் கம்பளி போர்த்திக்கொண்டு நின்றார்கள். எனக்குக் கம்பளி கொடுக்கவில்லை, அடுத்த மாதம்தான் கிடைக்கும் என்றார்கள். தலையில் போட ஒன்றும் இல்லாமல் போனால் கங்காணி திருப்பி அனுப்பிவிடுவான், முதல் நாளே பேர் போய்விடும். எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். ஓட்டையிலிருந்த சாக்கை உருவி, கொங்காணியாகத் தலையில் மாட்டிக்கொண்டு போனேன். பின்னேரம் வந்ததும் திரும்ப அடைத்துவிடலாம் என்று நினைத்தேன். வந்து அடைத்தேன். ஈரச் சாக்கு. அன்றைக்குத்தான் அவளுக்கு இருமல் தொடங்கியது.

மறுநாளும் எடுத்துக்கொண்டு போனேன். அதற்கடுத்த நாளும். ஐந்தாம் நாள் எடுக்கத் தேவை வரவில்லை.

சாக்குக் கொஞ்ச நேரம் இல்லாததால் ஒரு பிள்ளை சாகுமா என்று செல்லாயி கேட்கிறாள். எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகுதான் கொத்து வேலை பழகினேன். நான் கட்டுகிற எதிலும் ஓட்டை இருக்காது. ஊரில் அதற்கு எனக்கு நல்ல பேர். அந்தப் பேர் எங்கேயிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது.

உன் சுவரை அடைத்த அன்று, நீ அவள் பேரைச் சொன்னதும் உனக்குத் தெரிந்துவிட்டதோ என்று உன் முகத்தைப் பார்த்தேன். உனக்குத் தெரியாது என்று கண்டதும் கடகடவென்று அடைத்து முடித்தேன். இதுதான் உண்மை.

இப்போது பதில். ஜன்னல் வெட்ட வேண்டும். ஆனால் நீங்கள் வெட்ட வேண்டாம். வளை உட்கார்ந்திருக்கிற சுவர், தெரியாதவன் கை வைத்தால் கூரை இறங்கிவிடும். ஆவணி மாதாத் திருவிழாவுக்கு மடுவுக்கு வருகிறவர்களுக்கு ஆமிச் சாவடி தாண்டப் பாஸ் கொடுக்கிறார்களாம். எழுதிக் கொடுத்துவிட்டேன். உளியும் சுத்தியலும் கொண்டு நானே வருகிறேன். நான் கட்டியதை நானே உடைக்கிறேன். அதுவரை சுவரில் கை வைக்காதே. மாதாவின் பேரால் கேட்கிறேன்.

அண்ணன்


நானாட்டான்
09.07.1992

அண்ணே,

உங்கள் கடிதம் உடைத்துப் பார்த்து ஒட்டி வந்திருக்கிறது. யாரோ ஒருவன் வழியில் உட்கார்ந்து, நம் அழகு செத்த கதையைச் சாவகாசமாக வாசித்திருக்கிறான். அதற்கு ஒரு முறை கோபப்பட்டேன்.

பிறகு உங்கள்மேல் கோபம் வந்தது. சாக்கை எடுத்ததற்கு இல்லை. இருபத்துநாலு வருடம் அதைத் தனியாகத் தூக்கிக்கொண்டு திரிந்ததற்கு. பதினாலு வயதுப் பிள்ளையை ஒரு கம்பளி கொடுக்காமல் மழையில் இறக்கினார்கள். ஆறு மாதம் கேட்டும் ஒரு கண்ணாடித் துண்டு போடவில்லை. அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வியை உங்களிடமே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறீர்கள். அவர்கள் எல்லாரும் நல்லாகத் தூங்கியிருப்பார்கள் அண்ணே. உங்களுக்கு மட்டும் என்ன வந்தது?

எனக்கு நீங்கள் சொல்லியிருக்கலாம். நான் அழுதிருப்பேன், திட்டியிருப்பேன், அன்றைக்கே அந்த மரநிலையை வைக்கச் சொல்லியிருப்பேன்.

ஆவணி வரைக்கும் பொறுக்கிறேன். இதை நான் சந்தோசமாக எழுதவில்லை. குளத்து ஊற்று இன்னும் இரண்டு அடி இறங்கிவிட்டது. பகலில் பிள்ளையும் நானும் குழிக்குள், ஒரு கையில் விசிறி, ஒரு கையில் பாம்புக்குத் தடி. கூலி வேலைக்குப் போய் மூன்று வாரம். இரவில் சுவர் பகல் வெயிலைத் திருப்பிக் கக்குகிறது. அவள் அழுவதைக் குறைத்துவிட்டாள். அழுதால் எனக்குப் பயமில்லை, அழாமல் இருப்பதுதான் பயமாக இருக்கிறது.

பாஸ் கிடைக்கிறதோ இல்லையோ வாருங்கள்.

மரியம்மா


10.08.1992

தங்கச்சி மரியம்மாவுக்கு,

இதை ஒரு கடைப் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். சாவடிக்கு இந்தப் பக்கம். மடுவுக்குப் போகிற ஒரு கன்னியாஸ்திரி அம்மா கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் லொறி ஏறுவதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

பாஸ் கிடைத்தது. நான்தான் கெடுத்துக்கொண்டேன். ஜன்னலுக்கு மேலே பூசச் சீமெந்து இல்லாமல் முடியாது. அங்கே சீமெந்து கொண்டுபோக விட மாட்டார்கள். ஆகவே பால்மா டின் ஒன்றில் நாலு இறாத்தல் சீமெந்தை நிரப்பி, மேலே ஒரு விரல்கிடைக்குப் பால்மா தூவி, பிள்ளைக்கு என்று சொன்னேன். சாவடியில் சோதித்த ஆமிப் பொடியன் விரலை விட்டு நக்கிப் பார்த்தான். இரண்டு நாள் உட்கார்த்தி வைத்துவிட்டு, பாஸைக் கிழித்து, உளி, சுத்தியல், ரசமட்டம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாலு இறாத்தல் சீமெந்தில் நான் என்ன கோட்டையா கட்டப் போகிறேன்? ஜன்னல் வைக்க என்றேன். “ஜன்னலுக்கு எதுக்குச் சீமெந்து? ஜன்னல் என்றால் ஓட்டைதானே” என்று தமிழ் தெரிந்த ஒருவன் சொல்லிச் சிரித்தான்.

திரும்பி நடந்துவரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவன் சொன்னது சரிதான். சீமெந்து இல்லாமல் முடியும். நீங்களே செய்யுங்கள். கவனமாகப் படி.

வளை சுவரில் உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து இடது பக்கம் மூன்று அடி தள்ளிக் கரியால் கோடு போடு. மூன்று அடி அகலம், இரண்டரை அடி உயரம், அதற்கு மேல் ஆசைப்படாதே. முதலில் உள்ளே, வளைக்குக் கீழே, சுவரை ஒட்டி ஏழடிப் பனங்குற்றி இரண்டை முட்டுக் கொடுத்து, அடியில் கல் வைத்து இறுக்கு. பலகையோ பூவரசங் கம்போ போதாது, பனைதான் தாங்கும். பிறகு கோட்டுக்குள் மேல் வரிக் கல்லிலிருந்து தொடங்கு. சம்மட்டி போடாதே. இரண்டு கல்லுக்கு நடுவிலுள்ள சாந்தை உளியால் சுரண்டிச் சுரண்டி, ஒவ்வொரு கல்லாக ஆட்டி எடு. மேல் வரிக் கல் கழன்றதும், அரையாகப் பிளந்த ஐந்தடிப் பனந்துண்டை இரண்டு பக்கமும் ஒவ்வொரு அடி சுவருக்குள் போகிற மாதிரிச் செருகு. களிமண்ணும் வைக்கோலும் குழைத்து இறுக்கு. அதற்குப் பிறகுதான் கீழ்க்கல்லை எடுக்கலாம். சீமெந்து இல்லாததால் முட்டுக் கொடுத்த குற்றிகளை எடுக்காதே, அவை அப்படியே நிற்கட்டும்.

சாந்து இளகாவிட்டால் என்னைத் திட்டு. நல்லாகத்தான் குழைத்துப் போட்டிருக்கிறேன்.

லொறியில் ஹோர்ன் அடிக்கிறார்கள். உடை தங்கச்சி. யோசிக்காமல் உடை.

அண்ணன்


நானாட்டான்
16.08.1992

அண்ணே,

திருவிழாவுக்கு முதல் நாள் அந்த அம்மாவிடமிருந்து கடிதம் கைமாறிக் கைமாறி வந்தது. அன்றைக்கு இரவே படித்துவிட்டோம். படித்து முடித்ததும் உங்கள் மச்சான் குழிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பனங்குற்றிக்கு எங்கே போவது? ஊரெல்லாம் கேட்டாலும் கிடைக்காது. எங்கள் வளவில் இருக்கிற பனை ஐந்தே ஐந்து குற்றிதான், அதுவும் பதுங்கு குழிக்கு மேல்.

“மூண்டை எடுத்தா மிச்சம் ரெண்டு. ரெண்டை வச்சிக்கிட்டு ஷெல்லுக்கு என்ன செய்யிறது?” என்றார். நியாயமான கேள்விதான்.

“ஷெல் எப்பயாவது வருது. வெயில் தினமும் வருது” என்றேன்.

விடியற்காலையில் மண் மூட்டைகளை இறக்கினோம். கையில் கந்தையைச் சுற்றிக்கொண்டு சிவக்கொழுந்து அக்காவும் வந்து ஒரு பக்கம் பிடித்தா. குற்றிகளை இழுத்தெடுக்கும்போது, “குழியைப் பிரிச்சு ஜன்னல் வைக்கிற சனத்தை நான் இப்பதான் காணுறன்” என்றா. சொல்லிவிட்டு, பிளப்பதற்குக் கோடரி எடுத்துவரத் தன் வீட்டுக்கு ஓடினா.

நீங்கள் எழுதியபடி ஒன்று விடாமல் செய்தோம். நான் வரிவரியாக வாசிக்க அவர் செய்தார். உளி இல்லை, கலப்பைக் கொழுவைத் தட்டிக் கூராக்கினோம். சாந்து இளகவில்லை அண்ணே. உங்களைத் திட்டச் சொன்னீர்கள், திட்டினேன், எட்டு வீட்டுக்குக் கேட்கும்படி. முதல் கல்லை எடுக்க மத்தியானமாகிவிட்டது. அந்தக் கல் போன இடத்தில் வந்த காற்றில் என் கண்ணெல்லாம் சாந்துப் பொடி. தேய்த்துக்கொண்டு அப்படியே நின்றேன். மற்றக் கல்லெல்லாம் எடுக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. வளை அசையவில்லை. வீட்டுக்குள் சுவரை ஒட்டி இரண்டு பனங்குற்றி நிற்கிறது, இனி அதைச் சுற்றிச் சுற்றித்தான் அடுப்படிக்குப் போக வேண்டும். பரவாயில்லை.

பிள்ளையை ஜன்னலுக்கு நேரே பாயில் கிடத்தினேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. முகத்தில் காற்றுப் பட்டதும் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தாள். பிறகு ஒரு மூச்சு இழுத்துவிட்டு, பால் கேட்டு அழுதாள். பலத்த அழுகை. இரண்டு பக்கமும் குடித்தாள். மூன்று மாதமாக அவள் அப்படிக் குடிக்கவில்லை. நான் குடிக்கவும் தண்ணீர் இல்லை, ஆனாலும் பால் எங்கிருந்தோ வந்தது.

இது நன்றி சொல்லி எழுதும் கடிதம் இல்லை. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஒரு ஜன்னலுக்குப் பாஸ் வேண்டும், ஒரு டின் சீமெந்துக்கு இரண்டு நாள் தடுப்பு, குடிக்கிற தண்ணீரைக் கொண்டுவர டீசல் இல்லை. பிள்ளை ஒரு காற்றுக்கு நாலு மாதம் காத்திருந்திருக்கிறாள். அங்கே ஒரு கண்ணாடிக்கு ஆறு மாதம். நாம் கேட்டதெல்லாம் இவ்வளவுதான், இதையும் ஒவ்வொரு முறையும் நம் கையாலேயே உடைத்தும் அடைத்தும் எடுக்க வேண்டியிருக்கிறது. உங்கள் உளியையும் ரசமட்டத்தையும் திருப்பிக் கேட்டு எழுதிப் போடுங்கள். கொடுக்க மாட்டார்கள். ஆனாலும் எழுதுங்கள், அவர்கள் அதையும் உடைத்து வாசிக்கட்டும்.

இன்னொன்றும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். விடியப் போகும் நேரம் சோளகம் கொஞ்சம் குளிர்ந்து வந்தது. பிள்ளை ஒரு தரம் இருமினாள், ஒரே ஒரு தரம். நான் எப்போது எழும்பினேன் என்று எனக்கே தெரியாது. மண் மூட்டையிலிருந்து பிரித்த சாக்கு ஒன்று மூலையில் கிடந்தது, அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு முன்னால் நிற்கிறேன். அடைப்பதற்கு இரண்டு கையையும் தூக்கிவிட்டேன். உங்களையும் நம் அழகுவையும் நினைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. பின்னால் அவள் மூச்சு சீராகக் கேட்டது.

சாக்கை நாலாக மடித்தேன். பாய்க்குக் கீழே போட்டு, அவளை அதன்மேல் நகர்த்திக் கிடத்தினேன். இப்போது மணி எட்டு. இன்னும் நல்லாகத் தூங்குகிறாள்.

மரியம்மா